போக்குவரத்துப் பொறியியல்: முதல் முறை படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிவில் இன்ஜினியரிங் இளநிலைப் படிப்பில் போக்குவரத்துப் பொறியியலுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு பேப்பர்தான் கிடைக்கும். அதற்குள் சாலை வளைவு, சிக்னல், பயணக் கணிப்பு, பஸ் அட்டவணை என்று எல்லாம் ஓடிவிடும். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சூத்திரம் தெரிந்தும் அது எதற்கு என்று பிடிபடாமல் தவிப்பவர்களுக்காக எழுதியது இது.

மற்ற சிவில் பாடங்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கான்கிரீட் தூணுக்கு உங்கள் வரைபடம் தெரியாது. பாரம் ஏற்றினால் அது தன் இயல்புப்படி அமுங்கும், விரியும், உடையும். சாலையில் போகிறவர் அப்படி இல்லை. ஒரு சாலையை அகலப்படுத்தினால் நேற்று வரை வேறு வழியில் போனவர் இன்று இங்கே வருவார். பஸ் அடிக்கடி வந்தால் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருவார். நீங்கள் எதை மாற்றினாலும் அதைப் பார்த்து அவரும் தன் முடிவை மாற்றுவார். இந்தப் பாடத்தின் கஷ்டம், சுவாரசியம் இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கின்றன.

டிராஃபிக் இன்ஜினியரிங் என்பது தனிப் பாடமா?

போக்குவரத்துப் பொறியியலின் ஒரு பகுதிதான். ஆட்களையும் சரக்கையும் சாலை, ரயில், நீர், வான் எதில் கொண்டுபோனாலும் அது போக்குவரத்துப் பொறியியலுக்குள் வரும். அதில் சாலையில் ஓடும் வண்டிகளையும் நடப்பவர்களையும் எப்படி ஒழுங்காக, பாதுகாப்பாகப் போகவைப்பது என்கிற பகுதி டிராஃபிக் இன்ஜினியரிங். சிக்னல், சாலைக் குறியீடு, வேக வரம்பு, பார்க்கிங் எல்லாம் அதில் அடக்கம்.

கணக்கு எவ்வளவு தெரிய வேண்டும்?

பள்ளி இயற்பியலில் படித்த இயக்கச் சமன்பாடுகள், கொஞ்சம் வகை நுண்கணிதம், அடிப்படைப் புள்ளியியல். முதல் பேப்பருக்கு இது போதும். புள்ளியியலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். சாலையில் அளக்கும் எந்த எண்ணும் அடுத்த நாள் அப்படியே வராது.

ஓட்டம், அடர்த்தி, வேகம் மூன்றையும் எப்படிப் புரிந்துகொள்வது?

ஓட்டம் என்பது ஓரிடத்தில் நின்று பார்த்தால் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை. அடர்த்தி என்பது ஒரு நொடியில் மேலிருந்து படம் எடுத்தால் ஒரு கிலோமீட்டரில் தெரியும் வண்டிகள். வேகம் தெரிந்ததே. மூன்றையும் இணைப்பது ஒரே சமன்பாடு: ஓட்டம் = அடர்த்தி × வேகம்.

இது மனப்பாடம் ஆகிவிடும். அதற்குள் ஒளிந்திருக்கும் விஷயத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அடர்த்தி கூடினால் வேகம் குறையும், ஏனென்றால் முன்னால் போகும் வண்டிக்கு நெருக்கமாக ஓட்டும்போது யாரும் வேகம் எடுக்கத் துணிவதில்லை. 1930-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் சாலையைக் கேமராவில் படம்பிடித்து அளந்து, இந்தக் குறைவு நேர்கோடாக இருப்பதாக எடுத்துக்கொண்டார். இன்றைய தரவுகள் அந்தக் கோட்டை அப்படியே ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது.

ஒரு லேனை எடுத்துக்கொள்வோம். காலியாக இருந்தால் மணிக்கு 80 கி.மீ. வேகம். முழுக்க அடைத்து நின்றால் கிலோமீட்டருக்கு 120 வண்டிகள். நேர்கோட்டுப்படி, அதிகபட்ச ஓட்டம் இரண்டுக்கும் சரிபாதியில் வரும்: 60 வண்டி, 40 கி.மீ. வேகம், மணிக்கு 2,400 வண்டிகள். இப்போது மணிக்கு 1,800 வண்டிகள் போகின்றன என்று மட்டும் சொன்னால், சாலை எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. அடர்த்தி 30, வேகம் 60 என்றாலும் 1,800 வரும். அடர்த்தி 90, வேகம் 20 என்றாலும் அதே 1,800 வரும். முதல் சாலையில் ஓட்டுபவர் நிம்மதியாகப் போகிறார், இரண்டாவதில் கிளட்ச் மிதித்தே கால் வலிக்கிறது. ஆகவே வண்டி எண்ணிக்கையை மட்டும் வைத்து நெரிசலை முடிவு செய்யாதீர்கள். கூடவே வேகத்தையோ அடர்த்தியையோ அளந்தாக வேண்டும்.

சராசரி வேகம் ஏன் இரண்டு விதமாக வருகிறது?

ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஒரு கார் 60 கி.மீ. வேகத்திலும் இன்னொன்று 30 கி.மீ. வேகத்திலும் கடக்கின்றன. ஓரிடத்தில் ரேடார் வைத்து அளந்தால் சராசரி 45. ஆனால் முதல் கார் எடுத்துக்கொள்வது 1 நிமிடம், இரண்டாவது 2 நிமிடம். இரண்டும் சேர்ந்து 2 கிலோமீட்டரை 3 நிமிடத்தில் கடந்திருக்கின்றன, அதாவது 40 கி.மீ. வேகம். மெதுவாகப் போகிற வண்டி சாலையில் அதிக நேரம் இருக்கிறது, அதனால் அதற்கு அதிக எடை. மேலே சொன்ன சமன்பாட்டில் போட வேண்டியது 40-ஐத்தான். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

விபத்தும் இல்லை, சிக்னலும் இல்லை. பிறகு எப்படி வண்டிகள் நின்றுவிடுகின்றன?

2008-இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று இதை நேரடியாகச் செய்து காட்டியது. சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். தடை எதுவும் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகச் சுற்றின. அப்புறம் யாரோ ஒருவர் லேசாகப் பிரேக் தொட, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத் தொட, அவருக்குப் பின்னால் இருந்தவர் நின்றேவிட்டார். அந்த நிற்கும் இடம் கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

அடர்த்தி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் சின்ன அசைவுகூடத் தணியாமல் வளரும் என்பதுதான் இதன் சாரம். இப்படிப்பட்ட அலைகளின் கணிதத்தை லைட்ஹில், ஜெரால்ட் விட்டம் இருவரும் 1955-லும், ரிச்சர்ட்ஸ் 1956-லும் எழுதியிருந்தார்கள். ஓட்டத்தில் உள்ள வித்தியாசத்தை அடர்த்தியில் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அலையின் வேகம் வந்துவிடும். விடை மைனஸில் வந்தால் அலை பின்னால் போகிறது என்று பொருள்.

சிக்னலில் காத்திருக்கும் நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு படம் வரைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைமட்ட அச்சில் நேரம், செங்குத்து அச்சில் மொத்த வண்டிகள். வந்து சேரும் வண்டிகளுக்கு ஒரு கோடு, கிளம்பிப் போகும் வண்டிகளுக்கு ஒரு கோடு.

5 விநாடிக்கு ஒரு வண்டி வருகிறது. பச்சை விழுந்தால் 2 விநாடிக்கு ஒரு வண்டி கிளம்பும் (இந்த 2 விநாடி உண்மையான சாலைகளில் அளந்ததற்கு நெருக்கமான எண்தான்). சிவப்பு 30 விநாடி. சிவப்பு முடியும்போது 6 வண்டிகள் நிற்கின்றன. அந்த 6 வண்டி போக 12 விநாடி போதும் என்று பலர் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த 12 விநாடியிலும் பின்னால் வண்டிகள் வந்து ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. வரிசை முழுக்கக் கரைய 20 விநாடி ஆகும், அதற்குள் 10 வண்டிகள் தாமதப்பட்டிருக்கும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள முக்கோணத்தின் பரப்புதான் மொத்தத் தாமதம்: அரை × 30 × 10 = 150 வண்டி விநாடிகள். சுழற்சி (ஒரு சிவப்பு தொடங்கி அடுத்த சிவப்பு தொடங்கும் வரையிலான நேரம்) 60 விநாடி என்றால் அதில் 12 வண்டிகள் வருகின்றன, ஆக சராசரி 12.5 விநாடி. நிஜத்தில் வண்டிகள் இவ்வளவு சீராக வருவதில்லை என்பதால் தாமதம் இதைவிடக் கூடும்.

நெரிசல் அதிகமானால் சிக்னல் நேரத்தைக் கூட்டினால் போதாதா?

ஓரளவு வரை சரி. ஒவ்வொரு முறை பச்சை மாறும்போதும் முதல் வண்டி சுதாரித்துக் கிளம்புவதிலும், மஞ்சளிலும் சில விநாடிகள் வீணாகின்றன. சுழற்சியை நீட்டினால் ஒரு மணி நேரத்தில் இப்படி மாறும் தடவைகள் குறையும், வீணாவதும் குறையும். ஆனால் சிவப்பில் நிற்பவர் காத்திருக்கும் நேரம் நீண்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே சமநிலை காண 1958-இல் பிரிட்டனைச் சேர்ந்த வெப்ஸ்டர் தந்த சூத்திரத்தைத்தான் இன்றும் முதலில் கற்றுத்தருகிறோம். வீணாகும் மொத்த விநாடிகளை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டுங்கள். அதை, சந்திப்பு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற பின்னத்தை 1-இலிருந்து கழித்து வரும் எண்ணால் வகுங்கள்.

வீணாவது 10 விநாடி என்று வையுங்கள். மேலே 20 வருகிறது. சந்திப்பு 0.6 நிரம்பியிருந்தால் சுழற்சி 50 விநாடி. 0.8 என்றால் 100. 0.9 என்றால் 200. கடைசி 0.1 தான் சுழற்சியை இரட்டிப்பாக்குகிறது. அந்த நிலையில் சிக்னல் பெட்டியைத் திறந்து நேரத்தை மாற்றிப் பயனில்லை. திருப்பங்களைக் குறைப்பதா, லேன் பிரிப்பதா, வரும் வண்டிகளையே குறைப்பதா என்று யோசிக்க வேண்டிய கட்டம் அது.

மஞ்சள் விளக்கு எத்தனை விநாடி என்று யார் முடிவு செய்கிறார்கள்?

வண்டியின் வேகமும் பிரேக்கும்தான். 50 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 13.9 மீட்டர். ஓட்டுபவர் சுதாரிக்க 1 விநாடி, பிறகு விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்ற அளவில் வேகம் குறைப்பதாகக் கொண்டால், நிற்க 46 மீட்டர் தேவை. மஞ்சள் 2 விநாடி மட்டும் வைத்தால் அதற்குள் அவர் 28 மீட்டர்தான் போக முடியும். ஆக, நிறுத்தக் கோட்டுக்கு 28 முதல் 46 மீட்டர் தூரத்தில் இருப்பவர் நிற்கவும் முடியாது, சிவப்புக்கு முன் கோட்டைத் தாண்டவும் முடியாது. விதியை மதித்து ஓட்டுபவரையே விதி மீற வைக்கிறோம். 1960-இல் காசிஸ், ஹெர்மன், மரதுதின் மூவரும் இந்த இக்கட்டு மண்டலத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மேலே உள்ள எண்களுக்கு மஞ்சள் 3.3 விநாடி வைத்தால் அந்த மண்டலம் மறைந்துவிடுகிறது. சிவப்பைத் தாண்டுபவர்களைத் திட்டுவதற்கு முன் மஞ்சளை அளந்து பாருங்கள் என்று மாணவர்களிடம் எப்போதும் சொல்வேன்.

ரவுண்டானா உண்மையிலேயே பாதுகாப்பானதா?

நான்கு வழிச் சந்திப்பில் வண்டிப் பாதைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள் 32. அதில் 16 இடங்களில் பாதைகள் குறுக்கே வெட்டுகின்றன, பக்கவாட்டில் இடிக்கும் கொடூரமான மோதல்கள் நடப்பது அங்கேதான். ஒரே லேன் ரவுண்டானாவில் தொடும் இடங்கள் 8, அத்தனையும் சேர்வதும் பிரிவதும் மட்டும். வளைந்து போக வேண்டியிருப்பதால் வேகமும் தானாகக் குறைகிறது. உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்ற விதியை 1966-இல் பிரிட்டன் கொண்டுவந்த பிறகுதான் இது ஒழுங்காக வேலை செய்தது. அதற்கு முன் உள்ளே நுழைபவர்கள் முண்டியடித்து, வட்டமே பூட்டிக்கொள்ளும். ஒரு வழியில் மட்டும் வண்டிகள் மிக அதிகமாக வந்தால் மற்ற வழிக்காரர்களுக்கு நுழைய இடைவெளி கிடைக்காது, அங்கே சிக்னல்தான் நல்லது.

சாலை வடிவமைப்பில் பார்வைத் தூரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

முன்னால் ஒரு தடை இருப்பது தெரிந்து, நிற்பதற்குப் போதுமான தூரம் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். சுதாரிக்க 2.5 விநாடியும், விநாடிக்கு விநாடி 3.4 மீட்டர் வேகக் குறைப்பும் வைத்துக்கொண்டால், 50 கி.மீ. வேகத்துக்குச் சுமார் 63 மீட்டர் வரும். 100 கி.மீ. வேகத்துக்கு 183 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு போகும் தூரம் நான்கு மடங்காகிறது. மேட்டின் உச்சியை எவ்வளவு மழுங்கவைப்பது, வளைவின் உள்பக்கம் மரமோ சுவரோ எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு எண்ணிலிருந்து வருகின்றன.

வளைவில் சாலையின் வெளி ஓரத்தை உயர்த்துவதற்கும் ஒரு சமன்பாடு உண்டு: சாய்வும் உராய்வும் சேர்ந்து, வேகத்தின் வர்க்கத்தை 127 × ஆரத்தால் வகுத்து வருவதற்குச் சமமாக இருக்க வேண்டும். 80 கி.மீ., 300 மீட்டர் ஆரம் என்றால் 0.168. சாய்வு 0.07 கொடுத்தால் மிச்சம் சுமார் 0.1-ஐ டயர் தாங்க வேண்டும்.

சாலையை அகலப்படுத்தினாலும் நெரிசல் ஏன் திரும்ப வருகிறது?

நேரம் ஒதுக்கிப் படிக்க வேண்டிய பகுதி இது. காலியான சாலை ஒரு அழைப்பு. வேறு நேரத்தில் போனவர் உச்ச நேரத்துக்கு வருவார், வேறு வழியில் போனவர் இங்கே வருவார், ரயிலில் போனவர் வண்டி எடுப்பார், போகாமலே இருந்தவரும் கிளம்புவார். ஆந்தனி டவுன்ஸ் 1962-லேயே இதை எழுதினார். 2011-இல் டுராண்டன், டர்னர் இருவரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்தபோது, நகருக்குள் இருக்கும் மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலை லேன்கள் எவ்வளவு விகிதம் கூடினவோ ஏறத்தாழ அதே விகிதத்தில் ஓடும் தூரமும் கூடியிருந்தது தெரிந்தது.

இன்னும் விநோதமான ஒன்றை 1968-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் டீட்ரிஷ் பிராஸ் காட்டினார். புதிய சாலை போட்டால் எல்லாருக்கும் நேரம் கூடலாம். பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 4,000 பேர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகிறார்கள். வடக்கு வழியில் முதலில் ஒரு குறுகிய பாலம், பிறகு ஓர் அகலச் சாலை. தெற்கு வழியில் முதலில் அகலச் சாலை, பிறகு குறுகிய பாலம். அகலச் சாலையில் எத்தனை பேர் போனாலும் 45 நிமிடம். பாலத்தில், போகிறவர்களின் எண்ணிக்கையை 100-ஆல் வகுத்தால் வரும் நிமிடங்கள். இரண்டு வழியிலும் 2,000 பேர் பிரிந்தால் ஆளுக்கு 20 + 45 = 65 நிமிடம்.

இப்போது வடக்குப் பாலத்தின் முடிவிலிருந்து தெற்குப் பாலத்தின் தொடக்கத்துக்கு நேரமே எடுக்காத ஓர் இணைப்புச் சாலை போடுகிறோம். முதலில் அதைக் கண்டுபிடித்தவருக்கு 20 + 20 = 40 நிமிடம்தான். விஷயம் பரவி எல்லாரும் அதே வழியில் வருகிறார்கள். இரண்டு பாலத்திலும் 4,000 பேர், 40 + 40 = 80 நிமிடம். ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் 40 + 45 = 85. அதனால் யாரும் திரும்பமாட்டார்கள். புதிய சாலையால் எல்லாருக்கும் 15 நிமிடம் நஷ்டம், ஆனால் ஒருவர்கூட முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. யாரும் தனியாக வழி மாற்றி லாபம் பார்க்க முடியாத இந்த நிலையைத்தான் வார்ட்ராப் 1952-இல் வரையறுத்தார், பாடப் புத்தகத்தில் 'பயனர் சமநிலை' என்று வரும்.

அப்படியானால் நெரிசலுக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. உச்ச நேரத்தில் சாலைக்கு விலை வைப்பது அதில் ஒன்று. சிங்கப்பூர் 1975-இல் தொடங்கியது, லண்டன் 2003-இல். ஸ்டாக்ஹோமில் 2006-இல் சோதனையாக வைத்து, 2007-இல் நிரந்தரமாக்கினார்கள். அங்கே கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. கட்டணத்தால் வசதி குறைந்தவர்கள் தள்ளப்படுவார்களே என்ற கேள்வி நியாயமானது. வரும் பணத்தை எங்கே செலவிடுகிறோம், மாற்றாக நல்ல பஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அதற்குப் பதில் சொல்ல முடியும். பஸ் வசதி செய்யாமல் கட்டணம் மட்டும் வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

நான்கு படி மாதிரி என்பது என்ன?

எதிர்காலத்தில் எந்தச் சாலையில் எவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்று கணிக்கும் முறை. எத்தனை பயணங்கள் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்த வழியில் போகும் என்று நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்கிறது. 1950-களில் டெட்ராய்ட், சிகாகோ நகர ஆய்வுகளில் உருவானது.

மூன்றாவது படிக்கு ஒரு அழகான கதை உண்டு. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் ரயில் வருவதற்கு முன், பயணிகளில் 15 சதவீதம் பேர் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. டேனியல் மெக்ஃபேடன் குழு தனிமனிதர்கள் எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்பதை மாதிரியாக்கி 6.3 என்றது. ரயில் ஓடத் தொடங்கியபின் வந்தது 6.2. மெக்ஃபேடனுக்கு 2000-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்கிறார்கள். நான் மட்டும் ஏன் அதிக நேரம் நிற்கிறேன்?

உங்கள் ராசி அல்ல, கணக்கு. பஸ்கள் சரியாக 10 நிமிட இடைவெளியில் வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். ஒரு இடைவெளி 18, அடுத்தது 2 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி இடைவெளி 10 தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து சேர்கிறார்கள், காத்திருப்பு 8.2 நிமிடமாகிறது. கொஞ்சம் தாமதமான பஸ்ஸுக்குக் கூட்டம் அதிகம், ஏற்றி இறக்க நேரம் அதிகம், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கூட்டமே இல்லை, அது முன்னதைப் பிடித்துவிடுகிறது. முக்கிய நிறுத்தங்களில் முந்தி வரும் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து அனுப்புவதுதான் எளிய மருந்து.

சேவைத் தரம் எஃப் என்றால் சாலை தோல்வியா?

மிகச் சிறந்த ஏ முதல் மிக மோசமான எஃப் வரையிலான இந்தத் தரவரிசை 1965-இல் அமெரிக்காவின் ஹைவே கெப்பாசிட்டி மேனுவலில் வந்தது. அது ஓட்டுபவரின் வசதியைச் சொல்கிறது. நடப்பவருக்கோ பஸ்ஸில் இருக்கும் அறுபது பேருக்கோ சாலை எப்படி இருக்கிறது என்பதைத் தனியாக அளக்க வேண்டும்.

பைக், கார், லாரி எல்லாம் கலந்து ஓடினால் எப்படி எண்ணுவது?

ஒவ்வொன்றையும் காருக்குச் சமமாக மாற்றும் பி.சி.யு. எண்ணால் பெருக்கிக் கூட்டுவோம். அந்த எண் வேகம், ஏற்றம், வண்டிகளின் கலவை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஆகவே அட்டவணையில் இருப்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

பாதுகாப்பு கடைசிப் பாடமாக ஏன் இருக்கிறது?

இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் நடப்பவர்கள், சைக்கிள், பைக் ஓட்டுபவர்கள். 1997-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏற்ற 'விஷன் ஜீரோ' கொள்கை, மனிதர் தவறு செய்வார் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தத் தவறு உயிரைப் பறிக்காதபடி சாலையை அமைக்கும் பொறுப்பை வடிவமைப்பவரிடம் கொடுத்தது. வண்டிகளும் நடப்பவர்களும் கலக்கும் இடத்தில் 30 கி.மீ. வரம்பு கேட்பது இதனால்தான். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது.

முதல் கள ஆய்வில் எதைக் கவனிக்க வேண்டும்?

15 நிமிடத் துண்டுகளாக எண்ணுங்கள். ஒரு மணி நேரத்தில் 1,600 வண்டிகள், அதில் அதிகபட்சத் துண்டில் 500 என்றால் உச்ச நேரக் காரணி 1,600 ÷ (4 × 500) = 0.8. அந்த மணி நேரத்துக்குள்ளேயே ஒரு துண்டில் நெருக்கடி இருக்கிறது என்பதை இது காட்டும்.

அதைவிட முக்கியமான ஒன்று. நிறுத்தக் கோட்டில் நின்று எண்ணினால் கிடைப்பது தாண்டிப் போன வண்டிகள்தான், போக விரும்பிய வண்டிகள் அல்ல. நெரிசலான சந்திப்பில் இரண்டும் ஒன்றாக இருக்காது. ஒருவர் கோட்டில் நின்று எண்ணட்டும். இன்னொருவர் வரிசையின் வால் பக்கம் நின்று, ஒவ்வொரு பச்சை முடியும்போதும் எத்தனை வண்டிகள் மிச்சம் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளட்டும். இரண்டு பேர் கடிகாரத்தையும் தொடங்கும் முன் ஒரே நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.